ஒளியை முந்த முடியுமா?

கேள்வி: ஒளியைவிட வேகமாகப் போகும் வண்டி என்றைக்காவது வருமா?

பதில்: எனக்குத் தெரிந்த இயற்பியலில் வராது. ஆனால் எவ்வளவு கிட்டத்தில் போய்விட்டோம் தெரியுமா? ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்களை விரட்டுகிறார்கள். ஒளியின் வேகம் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர். வளையத்தின் உச்ச ஆற்றலில் புரோட்டான் அதைவிட நொடிக்குச் சுமார் 3 மீட்டர்தான் குறைவு! பூங்காவில் மெதுவோட்டம் ஓடுகிறவரின் வேகம் அது. அந்த 3 மீட்டரைக் கடக்கத்தான் முடிவில்லாத ஆற்றல் கேட்கிறது 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்ன கணக்கு. கண்ணுக்கே தெரியாத புரோட்டானுக்கே இந்த விலை என்றால், ஆள் ஏறும் வண்டிக்கு?

2011-இல் ஒரு பரபரப்பு. செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலையடிக்கு நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியை முந்தி, 60 நானோநொடி முன்பே வந்ததாக ஓபரா என்ற ஆய்வுக்குழு அறிவித்தது. கடைசியில் பார்த்தால், சரியாகச் செருகாத ஒளியிழைக் கேபிள்தான் முக்கியக் காரணம். ஆனாலும் நம்ப முடியாத முடிவை ஒளிக்காமல், "பிழை இருந்தால் கண்டுபிடியுங்கள்" என்று உலகத்தின் முன் வைத்தார்களே, அவர்களுக்கு என் வணக்கம்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. மெக்சிகோவின் மிகேல் அல்குபியர் 1994-இல் சொன்னது: வண்டியை விரட்டாதே, முன்னாலிருக்கும் வெளியைச் சுருக்கு, பின்னாலிருப்பதை விரி. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் இதைத் தடுக்கவில்லை. எரிபொருளாக எதிர்ம ஆற்றல் வேண்டும், அதுவும் மலைமலையாக. அந்தச் சரக்கு இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை.