பாதித் தீர்ப்பு

லாங் ஐலண்ட் என்றதும் நியூயார்க் சீமான்களின் கடலோர மாளிகைகள் கண்ணில் தெரிந்தால் கலைத்துவிடுங்கள். நான் சொல்வது நடு அந்தமானில், ரங்கத் பக்கத்து எர்ராட்டா துறையில் படகேறிப் போகும் லாங் ஐலண்டை. காரும் பஸ்ஸும் ஓடாத ஊர். ஆயிரத்துச் சொச்சம் பேர் கால்நடையாகவே குடித்தனம் நடத்துகிறார்கள். சுற்றுலாக்காரருக்கு இது அமைதி. நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்தவளுக்கு இது என்ன என்று எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை.

ஒரு காலத்தில் இங்கே பிளைவுட் மில் இருந்தது. ஊருக்கு அதுதான் அடுப்பு. காடு வெட்டவும் கட்டை இழுக்கவும் யாரையெல்லாம் அந்தமானுக்குக் கப்பலேற்றினார்கள்! ஒரே பெயராக ‘ராஞ்சி’ என்று முத்திரை குத்தப்பட்ட சோட்டாநாக்பூர் பழங்குடிகள், வங்காளிகள், நம் தமிழர்கள். வெட்டு என்று சொன்னது அரசு. வெட்டினார்கள்.

பிறகு நீதி விழித்துக்கொண்டது. 2001-ல் மரம் வெட்ட இடைக்காலத் தடை. நீதிமன்றம் அமைத்த சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கைக்குப் பின், 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்ற உத்தரவு. உள்ளூர்த் தேவைக்கு மேல் மரம் வெட்டக் கூடாது. நல்ல உத்தரவுதான், அந்தக் காடு பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. மரம் வராத தீவில் மில் ஓடுமா? முதலாளி லாபத்தோடு கிளம்பிவிடலாம். தொழிலாளி எங்கே போவான்? வலை பிடித்தான், பாக்கு பறித்தான், டி.ஆர்.எம். என்கிற தினக்கூலி மஸ்தூர் வேலைக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான்.

அதே உத்தரவில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஜாரவா என்ற அந்தமான் ஆதிவாசிகளின் காட்டைக் கிழித்துப் போகும் அந்தமான் டிரங்க் ரோட்டை, அந்தப் பகுதியில் மூன்று மாதத்துக்குள் மூடு என்கிற வரி. கூலிக்காரன் வயிற்றில் அடிக்கிற வரியைப் படிக்க நிர்வாகத்துக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. ரோட்டைப் பற்றிய வரி வந்ததும் பார்வை மங்கிவிட்டது; இருபது வருஷம் தாண்டியும் தெளியவில்லை. ஜாரவாப் பெண்களைச் சாலையோரத்தில் ஆடவைத்து எடுத்த படம் 2012-ல் உலகமெல்லாம் நாறியது. போலீஸ் காவலோடு வண்டிகள் இன்னும் வரிசையாகப் போகின்றன. சுற்றுலாக்காரர்கள் சுண்ணாம்புக் குகை பார்க்க வேண்டுமாம்!

சரி, காட்டு மேல் அரசுக்கு அவ்வளவு பாசம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பாசம் கிரேட் நிக்கோபாரில் என்ன ஆயிற்று? துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரம் என்று 130 சதுர கிலோமீட்டர் காட்டைத் தாரை வார்க்க 2022-ல் அனுமதி. 9.64 லட்சம் மரங்கள் பாதிக்கப்படலாம் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். அதற்கு ஈடாகக் காடு வளர்ப்பது ஹரியானாவில். நிக்கோபார் மழைக்காட்டுக்கு ஹரியானா மாற்று! நிக்கோபார் மெகபோட் பறவைக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும்.

லாங் ஐலண்டையும் மறக்கவில்லை. நிதி ஆயோக் தயவில், லாலாஜி பே கடற்கரையில் 220 அறைகளுக்குத் திட்டம் போட்டார்கள். அதன் பெயர் சூழல் சுற்றுலா. உள்ளூர் ஆட்களுக்கு வேலைவாய்ப்பாம். மில்லில் உழைத்தவரின் பேரன் வெள்ளைத் துண்டை மடித்து வைத்து, வாசலில் நின்று கும்பிடுவான், முன்னேற்றம்தானே!

இடையில் பெயர் சூட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. நீல் தீவு ஷஹீத் த்வீப், ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப், 2024-ல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம். இத்தனையையும் கேள்வி கேட்க அந்தத் தீவுகளுக்கு ஒரு சட்டமன்றம்கூட இல்லை. டெல்லி அனுப்பும் துணைநிலை ஆளுநர்தான் எல்லாம்.

ஏழைக்கு எதிரான பாதியை மட்டும் அமல்படுத்துவதற்குச் சட்டத்தின் ஆட்சி என்று பெயர் கிடையாது. ரோட்டை மூடாத அரசுக்கு, லாங் ஐலண்ட்காரனிடம் காட்டைப் பற்றிப் பேச யோக்கியதையும் கிடையாது.