ஐசோஃபிக்ஸ் அத்தான்

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது குடிப்பாரா, சீட்டாடுவாரா என்று நாலு இடத்தில் விசாரித்தோம். சீட்டுக்கட்டைத் தொடவே மாட்டார் என்றார்கள். உண்மைதான். ஆனால் கார் சீட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அக்காவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது அது ஆரம்பித்தது. மற்ற வீடுகளில் அந்த நேரத்தில் குழந்தைக்குப் பெயர் தேடுவார்கள். அத்தான் எக்செல் ஷீட் போட்டார். வளைகாப்புக்கு வந்த பெண்களில் மூன்று பேராவது குழந்தை சீட்டுக்கான ஆர்44 விதிக்கும் ஆர்129 விதிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பந்திக்குப் போக முடிந்தது. பழையது குழந்தையின் எடையைப் பார்க்கும். புதியது உயரத்தைப் பார்க்கும். 15 மாதம் வரையாவது குழந்தை காரின் பின்பக்கம் பார்த்தே உட்கார வேண்டும் என்றும் சொல்லும். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

இப்படி ஒரு அப்பா இப்போது அடுக்குமாடிக்கு ஒருவர் இருக்கிறார். கண்டுபிடிப்பது சுலபம். ராத்திரி ஒன்பது மணிக்கு, பார்க்கிங்கில், அடுத்தவர் கார்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு செல்போன் டார்ச் அடித்துக்கொண்டிருப்பார். வாட்ச்மேன் இரண்டு முறை விசில் ஊதியிருக்கிறார். கார்க்காரர் அகப்பட்டால் தீர்ந்தது. கதவைத் திறக்கச் சொல்லி, பெல்ட் நுழைகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டுவார். ஒரு அங்குலத்துக்கு மேல் அசைந்தால், "கழட்டி மறுபடி மாட்டுங்க சார்." குழந்தையும் உள்ளே இருந்தால் அதன் தோள்பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார். பட்டி மடிந்து விரலுக்குள் வந்தால் தளர்ச்சி என்று அர்த்தம். 'உங்க வீட்டுக்காரர் எங்க பையனைக் கிள்ளினாராமே' என்று மூன்றாம் மாடியிலிருந்து ஒரு புகார் வந்தது. கிள்ளியது பெல்ட்டை என்று விளக்க அக்கா படியேறிப் போனாள்.

சித்தப்பா ஒருவர் தன் பேரன் உட்கார்ந்த சீட்டை ஆசையாகத் துடைத்து எடுத்துவந்து இலவசமாகக் கொடுத்தார். அத்தான் நன்றி சொல்வதற்கு முன் கேட்டது: "இது ஏதாவது ஆக்சிடென்ட்ல இருந்திருக்கா?" பிறகு குப்புறக் கவிழ்த்து அடியில் தேதி பார்த்தார். காலாவதி. "பிளாஸ்டிக்குக்கு ஏது மாப்ள எக்ஸ்பைரி, அது என்ன பால் பாக்கெட்டா?" என்றார் சித்தப்பா. வெயிலில் நின்ற காரில் பிளாஸ்டிக் வருஷா வருஷம் நொய்ந்து போகும் என்று அத்தான் விளக்கிக்கொண்டிருந்தபோது சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் அத்தானின் பெரிய போர் அம்மாவோடுதான். ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பாவைக் கூட்டிவந்த அன்றே தொடங்கிவிட்டது. "பச்சைப் புள்ளையைக் கூடையில வெக்கிறதா? அதுவும் முதுகைக் காட்டிக்கிட்டு!"

"அத்தை, பிறந்த குழந்தைக்கு உடம்புல கால்வாசி தலை. கழுத்து அந்தக் கனத்தைத் தாங்காது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தா, பிரேக் போடும்போது தலை முன்னால இழுத்துக்கிட்டுப் போகும். பின்னால பார்த்தா முதுகு மொத்தமும் சீட்டுல சாஞ்சுக்கும். 1960-கள்ல ஸ்வீடன்ல ஆல்ட்மன்னு ஒருத்தர், ஜெமினி விண்கலத்துல போனவங்க உட்கார்ந்த சீட்டைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிச்சார்."

"நாம விண்வெளிக்கா போறோம் மாப்ள? மேடவாக்கம் போறோம்."

சட்டத்தையும் எடுத்துப் பார்த்தார். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினாள்.

கடைசி அஸ்திரமாக, 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம், மடியில் எவ்வளவு இறுக்கினாலும் கை தாங்காது என்றார். "என் கையிலேருந்து புள்ளையை எவன் பிடுங்குவான்?" என்றாள் அம்மா. அந்த வாக்கியத்தை நான் அப்போதே குறித்து வைத்திருக்க வேண்டும்.

அத்தானைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாப்பா ப்ளே ஸ்கூல் போக ஆரம்பித்த பிறகு, காலையில் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவிடுகிறார். முன்னால் நிற்கவைத்து. அவள் இரண்டு கண்ணாடிகளையும் பிடித்துக்கொண்டு கப்பல் மாலுமிபோலப் போவாள். நாலு வயதுக்குக் கீழே என்றால் ஸ்கூட்டரிலும் ஹெல்மெட் வேண்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டி வேண்டும் என்று 2023-லிருந்து விதி இருக்கிறதே என்று நான் கேட்டேன். "இங்கதானேடா, ரெண்டு தெரு," என்றார். எக்செல்லில் ஸ்கூட்டருக்குக் கட்டம் இல்லை.

பாப்பாவுக்கு மூன்றாம் வயது நடந்தபோது மொட்டை போட்டுக் காது குத்தக் கும்பகோணம் பக்கத்துக் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினோம். தாய்மாமன் மடி தேவை என்பதால் நானும். "மடியெல்லாம் காதுகுத்தோட சரி," என்று அத்தான் கிளம்பும்போதே எச்சரித்தார். அவர் ஓட்ட, நான் முன்னால். பின்னால் அம்மா, நடுவில் அக்கா, ஓரத்தில் பின்பக்கம் பார்த்தபடி பாப்பா.

பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் அழுகை ஆரம்பித்தது. திண்டிவனத்தில் அது காருக்கு வெளியேயும் கேட்டது. பண்ருட்டியில் இளநீருக்காக நிறுத்தினோம். அம்மா இறங்கிப்போய், பேரம் பேசி, ஒரு பலாப்பழத்தோடு வந்தாள். டிக்கியில் இடமில்லை. அங்கே சீர்வரிசைத் தட்டுகள். பழத்தைப் பாப்பா சீட்டில் வைத்தாள், பாப்பாவைத் தன் மடியில் வைத்தாள், "பத்து நிமிஷம் மாப்ள, தூங்கினதும் மாத்திடறேன்," என்றாள். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அத்தான் எதுவும் பேசவில்லை. இறங்கிப்போய்ப் பலாப்பழத்துக்குத் தோள்பட்டியை மாட்டினார். தோள் இல்லாத பழம். ஆனாலும் க்ளிக் என்று பூட்டி, இழுத்து, கிள்ளியும் பார்த்தார். பிறகு எதிர்ப்பைக் காட்டும் விதமாக நாற்பதிலேயே ஓட்டினார். பின்னால் வந்த லாரிகள் அவருடைய தாயாரைப் பற்றியெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போயின.

நெய்வேலியைத் தாண்டி ஒரு திருப்பத்தில் ஆட்டுமந்தை. அத்தான் பிரேக்கை மிதித்தார். நாற்பதுதான். ஆனால் ஃப்ளாஸ்க் என் முதுகுக்கு வந்தது. அம்மாவின் மூக்குக்கண்ணாடி கியருக்கு வந்தது. பாப்பா அம்மாவின் கைக்குள்ளிருந்து ஈரச்சோப்புபோல வழுக்கி, முன் சீட்டில் முட்டி, முறுக்குப் பைமேல் விழுந்தாள். நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம், அவ்வளவுதான். முறுக்கு மாவாகிவிட்டது.

அழுகை அடங்கிய பிறகு அம்மா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் பலாப்பழத்தைப் பார்த்தாள். அது வைத்த இடத்தில், வைத்த மாதிரி, காம்புகூடத் திரும்பாமல் உட்கார்ந்திருந்தது.

"பழம் எத்தனை கிலோ?" என்றாள் மெதுவாக.

"நீங்கதானே அத்தை எடை போட்டு வாங்கினீங்க. பன்னிரண்டு."

பாப்பாவும் பன்னிரண்டுதான். அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. பழத்தை அவிழ்த்தாள், பாப்பாவை உட்காரவைத்தாள், பட்டியை இழுத்தாள், இரண்டு விரலால் கிள்ளினாள். இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பிறகு பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, "போலாம் மாப்ள," என்றாள்.

அத்தான் சாவியை எடுத்துவிட்டார். கட்டாத பன்னிரண்டு கிலோவோடு வண்டி நகராது.

ஆகவே சாலையோரப் புளியமரத்தடியில் பலாப்பழம் உரிபட்டது. ஆட்டுக்காரர் தழை வெட்டும் அரிவாளைத் தந்தார். சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயைக் கையில் தடவிக்கொண்டோம். சடையும் தோலும் ஆடுகளுக்கு, சுளை டிபன் கேரியருக்கு, மீதி வயிற்றுக்கு. காரின் திறந்த கதவு வழியே ஆட்டுக்காரர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது என்னங்க என்று கேட்டும் விட்டார்.

அத்தான் முக்கால் மணி நேரம் சொன்னார். சீட்டைப் பூட்டுவதற்காக இருக்கை இடுக்கில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் இரும்பு வளையங்களைக் காட்டினார், தரையில் ஊன்றும் தாங்குகாலைக் காட்டினார், பச்சைப் புள்ளி தெரிந்தால்தான் மாட்டியிருக்கிறது என்றார், ஸ்வீடன் போய்வந்தார். ஆட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பக்கத்தில் அவருடைய டிவிஎஸ் எக்ஸெல் நின்றது. முன்னால் ஒரு சாக்கில் நேற்றுப் பிறந்த குட்டி ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"இது குட்டிக்குக் கிடைக்குமாங்க?"

அத்தான் குனிந்து குட்டியைப் பார்த்தார்.

"எத்தனை கிலோ இருக்கும்?" என்றார், மிகுந்த அக்கறையோடு.