பூங்கா நடையர்

பூங்கா நடையர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்ன ஒற்றை வாக்கியத்தில் பிறந்தவர். நடேசன் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா, கே.கே. நகர் சிவன் பூங்கா போன்ற சென்னைப் பூங்காக்களில் விடிகாலையில் தென்படுவார். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய ஷூ, அதே மகன் விட்டுப்போன கல்லூரி டி-ஷர்ட், மார்கழியில் கூடுதலாக ஒரு குரங்குக் குல்லா: இவை இவருடைய சீருடை.

ஒரே பாதை, ஒரே திசை, ஒரே வேகம் என்பது இவருடைய கொள்கை. எதிர்த்திசையில் வருபவரை, ஒருவழிப்பாதையில் நுழைந்த ஆட்டோவைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். வேகத்தைத் தீர்மானிப்பது இதயம் அன்று, உடன் வருபவரின் பேச்சு. அரசியல் என்றால் நடை விரையும். தங்கம் விலை என்றால் தளரும். மருமகள் பேச்சு வந்தால் குழுவிலுள்ள நால்வரும் பாதையை அடைத்துக்கொண்டு நின்றே விடுவார்கள்.

இவருக்கு வேதவாக்கு பத்தாயிரம் அடி. அந்த எண் பரவியதற்கு முக்கியக் காரணம் மருத்துவ ஆய்வு அன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, ‘பத்தாயிரம் அடி அளவி’ என்று பொருள்படும் ‘மன்போ-கெய்’ என்ற அடி எண்ணும் கருவியின் பெயர். நடையர் அதையெல்லாம் விசாரிப்பதில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கைக்கடிகாரம் 9,600 காட்டினால், மிச்சத்தை ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே தீர்த்துவிடுவார். நாற்காலியைச் சுற்றி, கதவோரம் திரும்பி, பேரனின் பொம்மையைத் தாண்டும் அந்த நானூறு அடிதான், அவரறியாமல், அன்று அவர் உடம்புக்குக் கிடைத்த ஒரே மாறுதல்.

நடை நல்லது என்பதில் ஐயமில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது உதவும். ஆனால் பழகிப்போன வேலைக்கு உடம்பு புதிதாக எதையும் கட்டிக்கொடுப்பதில்லை. சமதளத்தில் நேராக நடக்கும்போது கைக்கும் தோளுக்கும் வேலை குறைவு. இடுப்பைப் பக்கவாட்டில் தாங்கும் தசைகளுக்கும் பெரிய சவால் இல்லை. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது என்பது மருத்துவர்களின் கணக்கு. அதைத் தடுக்க நடை மட்டும் போதாது. எலும்பும் பழக்கமில்லாத சுமையைக் கண்டால்தான் அசைந்துகொடுத்து வலுப்படும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டச் சொல்கிறது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு, சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பலவகைப் பயிற்சி மூன்று நாளாவது வேண்டும் என்கிறது. நடையர் 150 வரைக்கும் படித்துவிட்டுத் தாளை மடித்துவிடுவார்.

விளைவு தெரிவது கிரகப்பிரவேசங்களில். ஹோமத்துக்கு முன் சம்மணமிட்டு உட்காருவது வரை சிக்கலில்லை. எழுப்பத்தான் இரண்டு மச்சான்கள் தேவை. “தினம் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறேன்” என்ற அறிவிப்பு பெரும்பாலும் அந்நேரத்தில்தான் வரும்.

பூங்காவில் மாற்று வழிகள் இல்லாமலில்லை. திறந்தவெளி ஜிம் கருவிகள் உண்டு. அவற்றில் இவர் துணிப்பையை மாட்டுவார். எட்டு வடிவப் பாதைமேல் அபார பக்தி. அது தீர்க்காத நோயே இல்லை என்பார். இடமும் வலமுமாக மாறிமாறித் திரும்ப வைப்பதுதான் அதன் உண்மையான நன்மை. அதைச் சொன்னால் முகம் வாடிவிடும். வாசலில் விற்கும் முடக்கத்தான் சூப்பையும் உடற்பயிற்சிக் கணக்கிலேயே சேர்ப்பார்.

அபூர்வமாக ஒருவர் கலப்பு நடையராக மாறுவதுண்டு. மாற்றுவது அறிவுரை அன்று, குதிகால் வலி. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவார், வாஷ்பேசினைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று பல் துலக்குவார், மாடிப்படி ஏறுவார், ஒரு நிமிடம் விரைந்தும் இரண்டு நிமிடம் நிதானமாகவும் நடப்பார், ஞாயிறன்று பேத்தியோடு ஷட்டில் ஆடித் தோற்பார். தினமும் ஒரே இடத்தில் விழுந்த அடி பல தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் பங்காகிறது; சலிப்பும் குறைகிறது.

அடுத்த கட்டமாக, கற்றதையெல்லாம் நண்பர்களுக்கு ஒரு முழுச் சுற்று நேரம் விளக்குவார். குழு ஒருமனதாக ஏற்றுக்கொள்ளும். தை பிறந்ததும் தொடங்குவதாக முடிவாகும்.