டிக்கியில் ஒரு முக்காலி

சொந்த உபயோகத்து வண்டியின் ஆர்.சி.க்கு ஆயுள் 15 வருடம். 2010இல் வாங்கிய எங்கள் ஸ்கார்பியோவுக்கு 2025இல் அது முடிந்தது. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோவதற்கு முந்தின வாரம், இரண்டு நாள் மெக்கானிக் அண்ணனின் பட்டறையிலேயே நின்றேன். ஆசை ஆசையாக மாட்டியதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். முன்பக்க இரும்புத் தடுப்பு, அகல டயர்கள், வண்டியைத் தூக்க வைத்த ஸ்பேசர்கள், ஏர் ஹாரன். கடைசியாக டிக்கியைத் திறந்தபோது மூலையில் ஒரு மர முக்காலி கிடந்தது. அது அம்மாவுடையது.

அதையெல்லாம் மாட்டிய நாட்களில் இருந்த வேகம் வேறு. கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்கு எஞ்சின் சத்தம் ஊர்ப் பெருமையோடு சேர்ந்தது. இங்கேயே பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதனின் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு, 2179 சிசி எம்ஹாக் எஞ்சின் கொடுத்த 120 குதிரைத்திறன் எனக்குப் போதவில்லை. 2012இல் ஈசியூவை ரீமேப் செய்தேன். எஞ்சினுக்கு எவ்வளவு டீசல், டர்போவுக்கு எவ்வளவு அழுத்தம் என்று கம்பெனி எழுதிவைத்த கணக்கை மாற்றி எழுதும் வேலை அது. 150ஐத் தொடும் என்றார்கள். இழுவை கூடியது உண்மைதான். அவினாசி சாலையில் மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டியது. ஒன்றரை வருடத்தில் கிளட்ச் பிளேட் வழுக்கியதும் உண்மை. அந்தக் கூடுதல் இழுவைக்காக அளந்து போட்ட கிளட்ச் இல்லையே அது.

டயர்தான் பெரிய தவறு. 235/70 ஆர்16 இருந்த இடத்தில் 265/70 ஆர்16 போட்டேன். சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 735 மில்லிமீட்டரிலிருந்து 777 ஆனது. முள் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 84க்கு மேல் போகும். எடையும் கூடும். அதே பிரேக், பெரிதான சக்கரத்தை நிறுத்தக் கூடுதலாக மிதிக்கச் சொல்லும். ஸ்பேசரும் சேர்ந்து வண்டி மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக உயர்ந்தது. முழங்கால் வலிக்காரி அம்மாவால் ஏற முடியவில்லை. "இது என்ன கண்ணு, கோயில் தேராட்டம் இருக்குது" என்றார். மறுநாள் தச்சரிடம் சொல்லி முக்காலி செய்துகொடுத்தேன். அம்மாவுக்காக வண்டியை இறக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2013 மே மாதம் வால்பாறை போனோம். அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள், தங்கை குடும்பம் என்று எட்டுப் பேர். பின்னால் எதிரெதிராகப் பார்த்த இருக்கைகளில் பெல்ட் கிடையாது; குழந்தைகளை அங்கேதான் உட்கார வைத்திருந்தேன். முன்னால் இரும்புத் தடுப்புக்குக் காசு கொடுத்த நான் அதைப் பற்றி ஒரு நொடியும் யோசித்ததில்லை. திரும்பும்போது ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதிக்கு மேல் இறங்கியதும் ரப்பர் கருகும் வாசனை வந்தது. அப்புறம் ஒரு வளைவுக்கு முன்னால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, பெடலை விட்டுவிட்டு மறுபடி மறுபடி அடித்து, ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் வியூ பாயின்ட்டில் ஓரங்கட்டினேன். கீழே ஆழியாறு அணை வெயிலில் பளபளத்தது. என் கை நடுங்கியது.

அம்மா முக்காலியைச் சாலையோரம் போட்டு, சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திட்டவில்லை. "மெதுவாப் போலாங்கண்ணு. யாரு நம்மளத் தொரத்தறாங்க?" என்றார். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து இறங்கினோம்.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். "பிரேக் ஆயில் கடைசியா எப்பங்க மாத்துனீங்க?" மூன்று வருடத்தில் ஒரு முறைகூட மாற்றவில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் கொண்டது. டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும். நீர் சேரச் சேர அந்தத் தாங்கும் அளவு 140ஐ நோக்கி இறங்கிவிடும். அதற்கு மேல் சூடானால் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் பெடல் பஞ்சாகிறது. அதைத் தடுக்க ஆன செலவு நான் ஏர் ஹாரனுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. பந்தயத் தடத்தில் வண்டியை இறக்குவதற்கு முன் பிரேக்கையும் பெல்ட்டையும் சோதித்துத்தான் விடுவார்கள். ஊர்ப் பெருமையிலிருந்து நான் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆயிலையும் பேடுகளையும் அன்றே மாற்றினேன். மற்றதைக் கழற்ற மனம் வரவில்லை. போட்ட பணம் கண்ணில் நின்றது. 2017 டிசம்பரில் இந்த இரும்புத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின் வேகத்தை வாங்கி நசுங்க வேண்டிய முன்பகுதியை நசுங்க விடாமல், அடியை நேராகச் சேசிஸுக்குக் கடத்துகிறது இந்தத் தடுப்பு. ஏர்பேக் சென்சாரையும் குழப்பலாம். குறுக்கே வரும் மனிதருக்கோ அது வெறும் இரும்பு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவைச் சுட்டி, தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்றது. எல்லாம் படித்தேன். அப்போதும் கழற்றவில்லை.

அம்மா 2021இல் போய்விட்டார். பழைய அளவு டயரும் ரீமேப்புக்கு முந்தைய கணக்கும் திரும்ப ஏறியபின், பட்டறை வாசலில் வண்டி தாழ்ந்து நின்றது. கதவைத் திறந்து படியைப் பார்த்தேன். முக்காலி இல்லாமலே அம்மா ஏறியிருப்பார்.

இப்போது மகன் கேட்கிறான். வீட்டில் புது எஸ்யூவி வந்திருக்கிறது, பிஎஸ்6 டீசல். "ஸ்டேஜ் ஒன் ரீமேப் போட்டு, டிபிஎஃப் எடுத்துட்டா இழுவை அள்ளும்ப்பா" என்றான். புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி அது. அதை எடுத்தால் அந்தக் கரி பின்னால் பைக்கில் வருபவரின் மூச்சுக்குள் போகும். 2019 திருத்தச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்பதையும் சொன்னேன். அவன் முகம் வாடியது. லோம்ஸ் வியூ பாயின்ட் கதையை அன்றுதான் முதன்முதலாக முழுதாகச் சொன்னேன். அன்று அந்தப் பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் அவனும் ஒருவன்.

உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாறியது? நினைவில்லை என்றால், அடுத்த மலைப்பயணத்துக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.