இறாலுக்கு ஜாமீன்

ஒரு மனிதனுக்கு வியாதி வந்தால் நாலு பேர் விசாரிக்க வேண்டும். வியாதிக்கு அதுதான் அழகு. எனக்கு வந்ததற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெயர் பாலிசைத்தீமியா வெரா. தங்கச்சிமடம் டீக்கடையில் இதை முதல் தடவை சொன்னபோது, பக்கத்து பெஞ்சில் இருந்த எல்.ஐ.சி. ஏஜெண்டு மட்டும் நிமிர்ந்து, “எந்தப் பாலிசிண்ணே? யார்ட்ட எடுத்தீங்க?” என்று பதறினார். மற்றவர்கள் விட்ட இடத்திலிருந்து இறால் விலையைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ரத்தம் தேவைக்கு மேல் ஊறுகிற நோய் இது. எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைச் செய்து தள்ளிக்கொண்டே இருக்கும். 1892-இல் பாரிஸில் வாக்கே என்ற டாக்டர் இதைக் கண்டு எழுதி வைத்தார். ஏன் வருகிறது என்று தெரிய 2005 ஆகிவிட்டது. ஜாக்-2 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போகிறதாம். அதன்பிறகு ‘போதும், நிறுத்து’ என்று யார் சொன்னாலும் மஜ்ஜையின் காதில் விழாது. தண்ணியில்லாக் காடு என்று அரசு ஊழியர்களைப் பயமுறுத்தப் பயன்படும் ராமநாதபுரம் ஜில்லாவில், கோடையிலும் வற்றாத ஊற்று என் எலும்புக்குள் மட்டும்தான் இருக்கிறது.

ரத்தம் அதிகமானால் நல்லதுதானே என்று என் மாமியார் இன்றும் நம்புகிறார். கெட்டியான ரத்தம் ஓடாது, உறையும். மூளையில் உறைந்தால் பக்கவாதம், இதயத்தில் உறைந்தால் மாரடைப்பு. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 45 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று இத்தாலிக்காரர்கள் 2013-இல் ஓர் ஆய்வில் காட்டிவிட்டார்கள். அதனால் பனையில் பதநீர் இறக்குவதுபோல என்னிடமும் அவ்வப்போது மதுரையில் இறக்குகிறார்கள். அடுத்த கட்டிலில் ரத்ததானம் செய்யும் கல்லூரிப் பையனுக்கும் அதே ஊசி, அதே 350 மில்லி பை. நிறைந்ததும் அவனுடையது பத்திரமாகக் குளிர்பெட்டிக்குப் போகும், கூடவே ஒரு சான்றிதழ். என்னுடையது கழிவுக்குப் போகும். பிஸ்கட் மட்டும் எனக்கும் உண்டு. நான் பார்க்கிற பார்வைக்காகக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த நோயில் இன்னொரு விசேஷம், குளித்தால் அரிக்கும். தோலில் ஒரு தடிப்பும் தெரியாது, உள்ளே மட்டும் ஆயிரம் எறும்பு. குடியிருப்பதோ ராமேஸ்வரம் தீவில். காசியிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு பாவத்தைத் தொலைக்கிறார்கள். உறவுக்காரர்கள் வந்தால் நான்தான் வழிகாட்டி. அவர்கள் ஒவ்வொரு கிணறாக நனைந்துகொண்டே போக, நான் செல்போன்களையும் காய்ந்த துண்டுகளையும் சுமந்துகொண்டு பிராகாரம் பிராகாரமாகக் கூடவே போவேன். “இவருக்கு மட்டும் ஏன் அரிக்குது?” என்று கேட்ட அத்தைக்கு என் மனைவி சொன்ன பதில்: “பாவம் வெளிய வர்றப்போ அரிக்கத்தானே செய்யும்?”

இப்படி நாதியற்றுக் கிடந்த என்னை ஊரோடு சேர்த்துவைத்தது கொலஸ்ட்ரால்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “இந்த நோய்க்காரங்க பல பேருக்குக் கொலஸ்ட்ரால் கம்மியாத்தான் இருக்கும். நீங்க எப்படி ரெண்டையும் சேத்து வச்சிருக்கீங்க?” அந்தக் குரலில் ஒரு மரியாதை தொனித்ததாக எனக்குப் பட்டது. ரத்தம் ஏற்கெனவே உறையக் காத்திருக்கிறது, குழாய்ச் சுவரிலும் கொழுப்பு படிந்தால் ஆபத்து இரட்டிப்பாகும் என்று விளக்கி, ஹைட்ராக்ஸியூரியாவுக்கும் ஆஸ்பிரினுக்கும் பக்கத்தில் அட்டார்வாஸ்டாட்டின் என்று ஒரு வரி சேர்த்தார்.

டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். பெஞ்சே என் பக்கம் திரும்பியது. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் தன் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், எவ்வளவு என்று சொன்னார். விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் தன்னுடையது அதைவிடக் கூட என்று பெருமைப்பட்டார். ஒருவர் பூண்டு, ஒருவர் கொள்ளு, ஒருவர் மருதம்பட்டைக் கஷாயம். டீ மாஸ்டர் கேட்காமலே என் டீயில் சர்க்கரையை நிறுத்தினார். கொலஸ்ட்ராலுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. அவ்வளவு பரிவோடு நீட்டிய கிளாஸ் அது.

டாக்டர் எழுதிய இந்த ஸ்டாட்டின் வகை மாத்திரையின் பூர்வீகம் பூஞ்சணம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்து, 1973-இல் அரிசியில் கிடைத்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சணத்திலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். எங்கள் கடலோர ஈரத்தில் அப்பளம் முதல் பெல்ட் வரை எல்லாம் பூக்கும். ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து காட்டியிருந்தால் மனிதர் பாதி வேலையை இங்கேயே முடித்திருப்பார்.

மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது போனில் பக்கவிளைவுகளைப் படித்தேன். தசைவலி வரலாம் என்று இருந்தது. உச்சிப்புளி தாண்டுவதற்குள் வந்துவிட்டது. மாத்திரை அப்போது பையிலேயே பிரிக்காமல் இருந்தது. என்னைப் போன்றவர்களுக்காகவே லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். வலி என்று ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் மருந்தில்லாத போலி, சில மாதம் காலி டப்பா என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நிஜத்தில் பட்ட அவதியில் 90 சதவீதத்தைப் போலியிலும் பட்டிருக்கிறார்கள். 2020-இல் முடிவு வெளியானது. நிஜமாகவே தசை வலித்துச் சிறுநீர் கறுத்துப் போகிறவர்களும் அபூர்வமாக உண்டு, அவர்கள் டாக்டரிடம் ஓட வேண்டும். எனக்கு அந்த யோகமும் இல்லை. கால் வலித்தால் மாத்திரையா, இந்த ரத்தத்தால் ஏறிய யூரிக் அமிலமா, வயதா என்று மூன்று பேர் உரிமை கொண்டாடுவார்கள். மனைவி நாலாவது கட்சி: “நடந்தாத்தானே? உக்காந்தே இருந்தா வலிக்காம என்ன செய்யும்?”

அவள்தான் முதல் நாளே இறாலைத் தடை செய்தவள். கணவாயும் போயிற்று, நண்டும் போயிற்று. பாம்பன்காரன் வீட்டில் இறாலில்லை என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். வழக்காடத் தீர்மானித்து நிறையப் படித்தேன். உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. ஸ்டாட்டின் கல்லீரலின் அந்தப் பட்டறையைத்தான் மந்தப்படுத்துகிறது. இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, ஆனால் எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அது இறாலில் மிகக் குறைவு. சாப்பாட்டு மேஜையில் இதை ஆதாரத்தோடு எடுத்து வைத்தேன். கவனமாகக் கேட்டாள்.

“அப்ப அந்தக் கொழுப்பு எதுல ஜாஸ்தி?”

வாதத்தின் வேகத்தில் சொல்லிவிட்டேன். ஆட்டுக்கறி, நெய், அப்புறம் தேங்காய். தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அதுதான்.

அன்று சாயங்காலமே இறாலுக்கு ஜாமீன் கிடைத்தது. தேங்காய் உள்ளே போயிற்று. இப்போது எங்கள் வீட்டில் இறால் குழம்பு உண்டு, தேங்காய்ப்பால் இல்லாமல். சாப்பிட்டவர்களுக்குத்தான் அந்தத் துயரம் புரியும். கீழக்கரை நண்பர் பெருநாளுக்குக் கொடுத்தனுப்பும் தொதல், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்காகக் கிண்டுவது, வாசலிலேயே கைமாறி எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறது. எதிர்வீட்டுக்காரருக்கும் கொலஸ்ட்ரால் உண்டு. அவர் மனைவி இன்னும் படிக்கவில்லை.

மாமியார் போன மாசம் என் ரிப்போர்ட்டில் இரும்புச்சத்து குறைவு என்பதைப் பார்த்துவிட்டு ஒரு கட்டு முருங்கைக்கீரை, பேரீச்சை, டானிக் சகிதம் வந்தார். ரத்தத்தை எடுக்க எடுக்க இரும்பு குறையத்தான் செய்யும், டானிக் கொடுத்தால் மறுபடி ரத்தம் ஊறும், அதனால் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது என்றேன். “ரத்தம் ஊறக் கூடாதுங்கிற மாப்பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்” என்று டானிக்கைத் தானே குடிக்க எடுத்துப் போனார்.

சமீபத்தில் எல்.டி.எல். நன்றாக இறங்கிவிட்டது. டீக்கடையில் சொன்னேன்.

“குறைஞ்சிருச்சுல்ல, இனி எதுக்கு மாத்திர? விட்ருங்கண்ணே” என்றார் படகுக்காரர்.

“மாத்திரை போடுறதாலதான் குறைஞ்சிருக்கு, விட்டா ஏறிரும்.”

“அப்ப குறையவே இல்லைன்னு சொல்லுங்க” என்றார் ஹெட்மாஸ்டர்.

அதற்குள் எல்.ஐ.சி. ஏஜெண்டு என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, அந்த இன்னொரு வியாதி, ரத்தம் ஜாஸ்தின்னு சொன்னீங்கள்ல?”

ஊரில் ஒருவர் கடைசியில் கேட்டேவிட்டார். வாக்கேயில் தொடங்கி ஜாக்-2 வரை நாக்கின் நுனியில் தயாராக நின்றது.

“மச்சானுக்கு ராமநாதபுரத்துல ஆப்பரேஷன். ஒரு யூனிட் கேக்குறாங்க. நீங்க எப்படியும் மதுரையில கீழதானே ஊத்துறீங்க?”

அது பிறருக்கு ஏற்றக் கூடாத ரத்தம் என்று விளக்கினேன். நல்ல மனிதர், முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“அப்ப அது எதுக்குத்தாண்ணே ஆகும்?”