முதல் டம்மியில் மை வேண்டாம்

மாணவி, கோவை
கேள்வி: சோப்பை அளந்துதான் பெட்டி வரைந்தேன். பிரின்ட் எடுத்து மடித்து ஒட்டினால் சோப்பு உள்ளே போக மாட்டேன் என்கிறதே?

பதில்: சோப்பை விடுங்கள், பிரின்டரை விசாரியுங்கள். 'ஃபிட் டு பேஜ்' என்று இருந்தால் உங்களைக் கேட்காமலே படத்தைச் சுருக்கிவிடும். 100 சதவீதம் என்று மாற்றுங்கள். ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து, அச்சான பிறகு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 97 காட்டினால் ஆசாமி பிடிபட்டான். சரியாக 100 காட்டுகிறதா? அப்படியானால் அட்டையின் தடிமனுக்கு நீங்கள் இடம் விடவில்லை.

மாணவர், திருச்சி
கேள்வி: மடிக்கிற இடத்தில் அட்டை வெடித்து வெள்ளை தெரிகிறது.

பதில்: அட்டையின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வாக்கில் இணங்குகிறதோ அதுதான் நார்வாக்கு. மடிப்பும் அதே வாக்கில் வரட்டும். குறுக்கே மடித்துத்தான் ஆக வேண்டுமென்றால், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் முதலில் அழுத்திக் கோடிடுங்கள். பிளேடு வேண்டாம் தம்பி, அது மடிப்பில்லை, காயம்.

வாசகர், சிவகாசி
கேள்வி: அட்டைப் பெட்டிக்கு டை கட்டிங்கைக் கொண்டுவந்த புண்ணியவான் யார்?

பதில்: புரூக்ளினில் காகிதப் பை தயாரித்த ராபர்ட் கெய்ர். 1879-ல் விதைப் பைகள் அச்சாகிக்கொண்டிருந்தபோது, மடிப்புக் கோடு அழுத்த வேண்டிய உலோகப் பட்டை இடம் பிசகிப் பைகளை வெட்டித் தள்ளியது. மற்றவர் பார்த்திருந்தால் மெஷின்காரருக்கு வசவு விழுந்திருக்கும். கெய்ருக்கு விழுந்தது பொறி: வெட்டும் பட்டையை உயரமாகவும், மடிக்கும் பட்டையைச் சற்றுத் தாழ்வாகவும் வைத்தால் ஒரே அழுத்தில் இரண்டு வேலையும் முடியுமே! உங்கள் ஊர் டையைத் தடவிப் பாருங்கள். கத்தி உயரம், மடிப்புப் பட்டை தாழ்வு. அதே கணக்கு இன்னும் ஓடுகிறது.

மாணவர், சென்னை
கேள்வி: கம்ப்யூட்டரில் 3டி படம் காட்டினால் போதாதா?

பதில்: 3டி படத்தில் எல்லா மூடியும் மூடும்.

அதே மாணவர்
கேள்வி: அப்படியானால் அட்டை எங்கே கிடைக்கும்?

பதில்: பாரிமுனை, ஆண்டர்சன் தெரு. 300 ஜி.எஸ்.எம். என்று எழுதிக்கொண்டு போனாலும் கையால் வளைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

வாசகி, மதுரை
கேள்வி: பளபளவென்று லேமினேஷன் போட்டேன். ஒட்டிய இடம் மறுநாளே பிரிந்துவிட்டது.

பதில்: பசைக்குக் காகித நார் வேண்டும்; நீங்கள் கொடுத்தது பிளாஸ்டிக். ஒட்டுகிற மடிப்பில் மை, வார்னிஷ், லேமினேஷன் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். டம்மி எனப்படும் மாதிரிப் பெட்டிக்கு இருபக்க டேப் போதும். தண்ணீர்ப் பசையை அப்பினால் அட்டை நெளியும்.

வாசகர், ஈரோடு
கேள்வி: பார்கோடைச் சிவப்பில் போட்டால் அழகாக இருக்குமே?

பதில்: இருக்கும். ஆனால் கடை ஸ்கேனர்களில் பெரும்பாலும் எரிவது சிவப்பு விளக்கு. அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான். பெட்டி பில்லாகாது.

மாணவி, சேலம்
கேள்வி: எத்தனை டம்மி செய்ய வேண்டும்?

பதில்: முதலாவது வெறும் வெள்ளை அட்டையில், ஒரு சொட்டு மை இல்லாமல். பொருளை உள்ளே வைத்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். தப்பித்தால் பாட்டியிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். பாட்டி கத்தி கேட்டால், இன்னொரு டம்மி.