பென்குவின் சார்

எங்கள் குடியிருப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அண்டார்டிகா போவதாக அறிவித்தார். அன்றிலிருந்து பென்குவின் சார். அறிவித்து ஏழு வருஷம் ஆகிறது.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்டில் அவரிடம் மாட்டினால், தரைத்தளத்தில் அர்ஜென்டினாவின் உஷுவையாவில் கப்பலேறி, நான்காவது மாடிக்குள் ட்ரேக் நீரிணையைக் கடந்துவிடுவார். கப்பலுக்கே அதற்கு இரண்டு நாள் ஆகும்.

சிக்கல் மாதத்தில்தான்.

"நவம்பர்னா பனி வெள்ளைவெளேர்னு இருக்கும். பென்குவின் கல்லு பொறுக்கிக் கூடு கட்டும், பக்கத்துக் கூட்டுல திருடவும் செய்யும். ஆனா குஞ்சு இருக்காது. ஜனவரில குஞ்சு உண்டு. கூடவே சேறு, எச்சம், நாத்தம். திமிங்கலம் வேணும்னா பிப்ரவரி, மார்ச். அதுக்குள்ள பென்குவின் ஒவ்வொண்ணா கடலுக்குக் கிளம்பிடும்."

"ரெண்டு தடவை போயிடுங்க சார்" என்றார் வாட்ச்மேன். அந்த யோசனைக்கென்று சார் தனி நோட்டு போட்டார்.

அடுத்தது கப்பல். 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் என்றால் கரையிறங்கவே விடமாட்டார்கள். இறங்கினாலும் ஓரிடத்தில் ஒரே சமயத்தில் 100 பேர்தான். ஆகவே சின்னக் கப்பல். சின்னக் கப்பல் அதிகம் ஆடுமே? அதற்குத்தான் ஊஞ்சல். தினமும் மாலை அரைமணி நேரம், வீசி ஆடியபடி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பைனாகுலரில் பார்ப்பார். மூன்றாம் நாள் வாந்தி. "அங்க வர வேண்டியது இங்கயே வந்துடுச்சு" என்று திருப்தியோடு குறித்துக்கொண்டார்.

பென்குவினை 5 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. கார் நிறுத்துமிடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தெருநாயிடம் ஒத்திகை பார்த்தார். நாய்க்கு விதி தெரியாது, நேரே வந்தது. அதுவாக வந்தால் அசையாமல் நிற்க வேண்டும். நின்றார். சிலை மாதிரி நின்ற மனிதரைக் கம்பம் என்று அது முடிவு செய்ததில் நான் தப்புச் சொல்லமாட்டேன்.

அயல்நாட்டு விதை ஒன்றுகூட அந்தக் கண்டத்தில் விழக் கூடாதென்று, கரையிறங்குமுன் துணிமணி, பை எல்லாவற்றையும் வாக்குவம் போட்டு உறிஞ்சச் சொல்வார்கள். சார் போன மே மாதமே தன் குளிர்கோட்டின் வெல்க்ரோவை உறிஞ்சி முடித்துவிட்டார். "இந்த வீட்டை ஒரு நாளாவது அப்படிப் பெருக்கியிருப்பாரா?" என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். கேள்விதான், பதிலை எதிர்பார்க்கவில்லை.

போன ஞாயிறு நான் அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தம்மாவே ஆரம்பித்தார்.

"ஏங்க, பறவைதானே பாக்கணும்? வேடந்தாங்கல் ரெண்டு மணி நேரம். ஒரு நாள் காலைல கிளம்பிப் போயிட்டு வந்துடலாமே?"

சார் ஊஞ்சலை நிறுத்தினார். முகம் மலர்ந்தது. அப்பாடா, இந்த மனிதர் ஒருவழியாக எங்கேயோ புறப்படப் போகிறார் என்று நானும் டம்ளரைக் கீழே வைத்தேன்.

அலமாரியிலிருந்து புது நோட்டு ஒன்று எடுத்து வந்தார்.

"போலாம்மா. நவம்பர்ல பறவை வர ஆரம்பிச்சிருக்கும்... ஆனா குஞ்சு இருக்காதே?"